120 சொல்லில் ஒரு புத்தகம்

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் திண்டுக்கல் பக்கத்து இளம் கால்நடை மருத்துவர். விஷயம் இரண்டே வரி. "வணக்கம் சார். மாட்டு வாகடம் புத்தகத்துக்கு நீங்க எழுதின அறிமுகத்தைப் பார்த்தேன். தப்பா நினைச்சுக்காதீங்க, அந்தப் புத்தகத்த முழுசா படிச்சீங்களா?"

படிக்கவில்லை. அதுதான் உண்மை. முதல் பத்துப் பக்கத்தைப் பார்த்தேன், நடுவில் அங்கங்கே புரட்டினேன், அவ்வளவுதான். பிறகு "மாடுகளுக்கு வரும் நோய்களையும் அவற்றுக்கான நாட்டு மருந்துகளையும் எளிய நடையில் விளக்கும் அரிய நூல்" என்று ஆரம்பித்து எழுதிக் கொடுத்துவிட்டேன். அது நூறு வருஷத்துக்கு முந்தைய அச்சு, 96 பக்கம். 58ஆம் பக்கத்திலிருந்து கடைசிவரை நோயும் இல்லை, மருந்தும் இல்லை. எல்லாம் மாட்டுச் சுழி. எந்தச் சுழி எங்கே இருந்தால் மாட்டை வாங்கலாம், எது இருந்தால் சந்தையில் விலை படியாது என்ற விவரம். கோபுரச்சுழி, பாடைச்சுழி, பெண்டிழந்தான் சுழி என்று பெயர் பெயராக இருக்கிறது. அவர் இரண்டு வருஷமாகச் சுழி பற்றிய பழைய அச்சு நூல்களைத்தான் தேடிக்கொண்டிருந்தாராம். 'சுழி' என்று எத்தனையோ முறை தேடியும் இது வரவில்லை. வேறு வேலையாகக் 'கோமாரி' என்று தேடியபோது தற்செயலாகச் சிக்கியது.

நான் இருப்பது பரவையில். (முனியம்மா ஊரா என்று கேட்பீர்கள். ஆமாம், அதே பரவைதான்.) அலங்காநல்லூர் இங்கிருந்து அரைமணி நேரம். சுழி பார்க்காமல் காளை வாங்காத ஊர்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, பாதிப் புத்தகம் சுழி பற்றியது என்பதைக் கோட்டைவிட்டிருக்கிறேன்.

பின்னணியைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷமாக ஒரு இணைய நூலகத்துக்குத் தன்னார்வலராகப் புத்தக அறிமுகங்கள் எழுதுகிறேன். எந்த நூலகம் என்பது இங்கே முக்கியமில்லை, தவறு என்னுடையது. ஸ்கேன் செய்த பழைய புத்தகத்தின் பிடிஎஃப் வரும். 120 சொல்லுக்கு மிகாமல் உள்ளடக்கத்தைச் சுருக்கிக் கொடுக்க வேண்டும். இதுவரை 64 எழுதியிருக்கிறேன். அந்த மின்னஞ்சல் வந்த ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அட்டையிலிருந்து அட்டைவரை படித்துவிட்டு எழுதியவை 41. மீதி 23ம் மாட்டு வாகடம் மாதிரிதான்.

இப்படிப்பட்ட சுருக்கத்தை யாரும் விமர்சனம் செய்வதில்லை. புத்தகத்துக்கு மதிப்புரை உண்டு, மதிப்புரைக்கு எதிர்வினையும் உண்டு. பட்டியலுக்குக் கீழே இருக்கும் நாலு வரியை யார் எழுதினார், சரியாக எழுதினாரா என்று கேட்க ஆளில்லை. ஆனால் இணைய நூலகத்தில் அந்த நாலு வரியின் அதிகாரம் பெரிது. காரணம் முழுக்கத் தொழில்நுட்பம்தான். ஸ்கேன் செய்த பக்கம் ஒரு படம், அதற்குள் இருக்கும் எழுத்து தேடுபொறிக்குத் தெரியாது. ஓசிஆர் ஓட்டலாம்தான். ஆனால் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய றா, னா, லை, ணை வடிவங்கள், மங்கிய மை, புள்ளி விழாத மெய்யெழுத்து எல்லாம் சேர்ந்தால் வருவது தமிழ் மாதிரித் தோன்றும் ஏதோ ஒன்று. ஆக தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், அதன் பிறகு அந்த 120 சொல். தேடுகிறவனுக்கு அகப்படுவது இவ்வளவுதான். இதில் இல்லாத விஷயம் புத்தகத்திலும் இல்லை என்றே ஆகிவிடுகிறது.

தமிழ் இணைய நூலகங்கள் இதை ஆளுக்கொரு விதமாகக் கையாண்டிருக்கின்றன. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லொசானில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சுருக்கமே கிடையாது. எண், நூற்பெயர், ஆசிரியர், அதன் பிறகு நேராக மூலம். அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. படமாகப் போடாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்து போட்டார்கள், அதனால் நூல் முழுவதுமே தேடலுக்குக் கிடைக்கிறது. ஈழத்து நூலகம் திட்டம் 2005ல் வந்தது. அங்கே புத்தகத்தின் பக்கத்தைத் திறந்தால் பெரும்பாலும் பொருளடக்கத்தை அப்படியே தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். இதில் கலை ஒன்றும் இல்லை. ஆனால் என் மாட்டு வாகடத்துக்கு இதைச் செய்திருந்தால் 'சுழி' தேடலில் வந்திருக்கும். பொய் சொல்ல இடமே கொடுக்காத முறை இது. "எளிய நடையில்" என்றெல்லாம் பொருளடக்கத்தால் சொல்ல முடியாது பாருங்கள்.

அந்த "எளிய நடையில்" பற்றி ஒரு வார்த்தை. என் 64ஐயும் ஒரே கோப்பில் போட்டுத் தேடிப் பார்த்தேன். எளிய நடை 31 இடத்தில் வருகிறது. "அரிய நூல்" 22. "அனைவரும் படித்துப் பயன்பெறலாம்" 9. இந்தச் சொற்களைச் சுருக்கத்திலிருந்து எடுத்துவிட்டால் நஷ்டம் என்ன? ஒன்றுமே இல்லை. எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தப் புத்தகத்தைப் பற்றியதும் அல்ல. இது என் தனி வியாதியும் இல்லை, எந்தப் பட்டியலை எடுத்தாலும் பார்க்கலாம். பின்னட்டையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட பாஷை இது. பின்னட்டைக்குப் புத்தகத்தை விற்கும் வேலை இருக்கிறது. பொதுவுடைமையான ஒரு பழைய நூலை இலவசமாகக் கொடுக்கும் இடத்தில் எதை விற்கிறோம்? இன்னொரு பழக்கமும் உண்டு. புத்தகத்தை விட்டுவிட்டு ஆசிரியரின் பிறப்பு, படிப்பு, பெற்ற பட்டங்கள் என்று 120 சொல்லையும் நிரப்பிவிடுவது. விக்கிப்பீடியாவைத் திறந்து வைத்துக்கொண்டால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும். அதையும் செய்திருக்கிறேன்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய இலக்கணம் இருந்தது என்பதுதான் இதில் எனக்கு ஆச்சரியம். நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுச் சங்கதிகளைக் கேட்கிறது. யார் எழுதியது, எந்த நூல்வழியில் வந்தது, எந்த எல்லைக்குள் வழங்குவது, அதன் பெயர், அதன் யாப்பு, அது சொல்லவரும் விஷயம், யார் கேட்பதற்கு உரியது, கேட்டால் என்ன பயன். இன்றைய நூலகக்காரர்கள் மெட்டாடேட்டா என்று சொல்வது கிட்டத்தட்ட இதுதான். இதில் யாப்பு என்பதைச் செய்யுள் யாப்பு என்றே பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். உரைகாரர்கள் சொல்வது வேறு. இன்ன நூலைக் கற்றபின் இதைக் கற்பது என்ற தொடர்ச்சிதான் அது. "இதைப் படித்தவர்கள் அதையும் படித்தார்கள்" என்று கடைத்தளங்கள் காட்டுவது ஞாபகம் வருகிறதா? இது அதைவிட மேல். எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. நான் எழுதிய ஒரு சுருக்கத்திலாவது இது இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

பாயிரத்தை யார் எழுதலாம் என்பதற்கும் விதி உண்டு. ஆசிரியரின் ஆசான், கூடப் படித்தவர், மாணாக்கர், உரை எழுதியவர், இந்த நால்வரில் ஒருவர். தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதால் பிறர் எழுத வேண்டும் என்பது காரணம். என் கண்ணில் படுவது இன்னொன்று. நால்வருமே அந்த நூலைப் படித்தே தீரவேண்டிய நிலையில் இருப்பவர்கள். முதல் பத்துப் பக்கம் பார்த்த தன்னார்வலருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அச்சு வந்தபின் கதை மாறுகிறது. 1865ல் ஜான் மர்டாக் என்ற மிஷனரி, அச்சான தமிழ் நூல்களுக்கு ஒரு வகைப்படுத்திய பட்டியல் வெளியிட்டார். வெறும் பெயர்ப்பட்டியலாக விடாமல் குறிப்புகளும் சேர்த்தார். அவருடைய மதச்சார்பு அங்கங்கே வெளிப்படையாகத் தெரியும், மறைக்கவும் மாட்டார். ஆனாலும் அந்தக் காலத்தில் என்னென்ன அச்சாகிக்கொண்டிருந்தது என்று தேடுகிறவர்கள் இன்றும் அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. இரண்டு வருஷம் கழித்து, 1867ல், அச்சகங்களையும் புத்தகப் பதிவையும் பற்றிய சட்டம் வந்தது. அச்சாகும் ஒவ்வொன்றையும் அரசிடம் பதிய வேண்டும், அரசு காலாண்டுக்கு ஒருமுறை பட்டியல் வெளியிடும். வங்காளப் பட்டியல்களில் குறிப்பு என்ற பத்தியில் அதிகாரிகள் எழுதிவைத்த சுருக்கங்களை வைத்து ராபர்ட் டார்ன்டன் ஒரு நீண்ட கட்டுரையே எழுதியிருக்கிறார். கண்காணிப்புக்காக எழுதப்பட்ட சுருக்கங்கள் அவை. அதனாலேயே அந்த ஆட்கள் கவனமாகப் படித்தார்கள் போலிருக்கிறது. சேவை என்று வந்தவன் புரட்டிவிட்டுப் போகிறான், சந்தேகத்தோடு வந்தவன் வரிவரியாகப் படிக்கிறான்.

இந்த வரிசையில் நான் ரொம்ப மதிப்பது என். செல்வராஜாவின் நூல்தேட்டம். 2002ல் முதல் தொகுதி வந்தது. ஈழத்துத் தமிழ் நூல்களுக்குத் தொகுதிக்கு ஆயிரம் என்ற கணக்கில் குறிப்புரையோடு பதிவு. யாழ்ப்பாண நூலகம் 1981ல் எரிந்து 97,000 புத்தகம் போன ஒரு சமூகத்திலிருந்து வந்த வேலை இது. அதனாலோ என்னவோ, அந்தக் குறிப்புகளில் அலங்காரம் குறைவு. சிறுகதைத் தொகுப்பென்றால் எத்தனை கதை, எந்தப் பத்திரிகையில் முதலில் வந்தவை, யார் முன்னுரை. அவ்வளவுதான். புத்தகம் ஒருநாள் இல்லாமல் போகும், இந்தக் குறிப்புதான் மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறவர் இப்படித்தான் எழுதுவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். சுருக்கம் மட்டும் மிஞ்சிய புத்தகங்கள் நிஜமாகவே உண்டு. குண்டலகேசி இன்று நம்மிடம் சில செய்யுள்கள்தான். அதன் கதை தெரிவதற்கு முக்கியமான வழி, அதை மறுக்க எழுந்த நீலகேசியின் உரை. எதிராளி தரப்பிலிருந்து கிடைக்கும் சுருக்கம்! இன்னும் தெளிவான உதாரணம் ஒன்பதாம் நூற்றாண்டுக் கான்ஸ்டான்டிநோபிளில் இருக்கிறது. ஃபோட்டியஸ் என்ற மதத்தலைவர், தான் படித்த 280 சொச்சம் நூல்களுக்குச் சுருக்கமும் அபிப்பிராயமும் எழுதிவைத்தார். அவற்றில் பல நூல்கள் பிறகு தொலைந்துவிட்டன. பொ.ஆ.மு. 400 வாக்கில் இந்தியா பற்றிக் கிரேக்கத்தில் எழுதிய டீசியஸின் 'இண்டிகா' அதில் ஒன்று. இந்தியாவைப் பற்றிய ஆகப் பழைய கிரேக்க நூல்களில் சேர்ந்தது அது, நமக்குப் பெரும்பாலும் ஃபோட்டியஸின் சுருக்கம் வழியாகத்தான் தெரிகிறது. நாய்த்தலை மனிதர்கள், மனித முகம் கொண்ட மிருகம், இப்படியே போகிறது. டீசியஸ் சரியான புளுகன் என்று பெயர் வாங்கியதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஃபோட்டியஸ் தனக்கு விநோதமாகப் பட்டதைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, சாதாரணத் தகவல்களை விட்டிருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. ஒருவனுடைய ரசனை, இன்னொருவனின் ஆயிரம் வருஷத்துப் பெயரைத் தீர்மானித்துவிட்டது.

சரி, படித்துவிட்டு எழுதினால் மட்டும் சுருக்கம் சரியாக வந்துவிடுமா? என் 41லேயே எனக்குத் திருப்தியில்லாத ஒன்றைச் சொல்கிறேன். கமலாம்பாள் சரித்திரம். இங்கிருந்து ஒருமணி நேரப் பயணத்தில் இருக்கும் வத்தலக்குண்டுக்காரர் பி.ஆர். ராஜமய்யர் எழுதியது. 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடராக வந்து 1896ல் புத்தகமானது. ராஜமய்யர் 1898ல் இறந்தபோது வயது 26. நான் எழுதிய சுருக்கம் இப்படிப் போகும்: சிறுகுளத்து முத்துஸ்வாமி ஐயர், மனைவி கமலாம்பாள், குடும்பத்துக்குள் பொறாமை, குழந்தை காணாமல் போவது, சொத்து நஷ்டம், மனைவி மேல் எழும் அபவாதம், வீட்டை விட்டுப் போவது, குரு கிடைப்பது, மன அமைதி. ஒன்றும் தப்பில்லை. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த நாவலைப் படித்தவர்களிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்பார்கள். கூடிப் பேசும் பெண்களின் வம்பர் மகாசபை என்பார்கள். கதையின் எலும்புக்கூட்டில் இதற்கெல்லாம் இடமே இல்லை. அம்மையப்ப பிள்ளையைத் தூக்கிவிட்டாலும் கதை நடக்கும். புத்தகத்தின் உயிர் கதை நகராத இடங்களில் இருக்கிறது, சுருக்கம் என்ற வடிவமோ கதை நகரும் இடங்களை மட்டுமே பிடிக்கிறது. ராஜமய்யரே இதில் நமக்கு உதவி செய்வதில்லை. தனக்குக் கதை முக்கியமில்லை, அலைக்கழிந்த ஓர் ஆத்மா அமைதி அடைந்ததைச் சொல்வதே நோக்கம் என்கிற தொனியில் நூலின் முடிவில் பேசுகிறார். ஆசிரியர் வாயாலேயே வந்த நுதலிய பொருள். அதை எடுத்துப் போட்டால் யாரும் தப்பு சொல்ல முடியாது. ஆனால் முதல் பாதியின் குறும்பும் நையாண்டியும் அந்த வாக்கியத்துக்குள் அடங்கவில்லை. பிற்பாதி வேதாந்தத்தில் கரைந்து தளர்ந்துபோகிறது என்று விமர்சகர்கள் சொல்லியிருக்கிறார்கள், எனக்கும் அதே அபிப்பிராயம்தான். ஆக ஆசிரியரின் சுருக்கம் நூலின் பலவீனமான பாதிக்கு விசுவாசமாக இருக்கிறது. இந்த விஷயத்தில் ஆசிரியரை நம்பக் கூடாது என்பது என் கட்சி.

இப்போது எழுதினால் வம்பர் மகாசபையையும், தமிழ்ப் பண்டிதர் பாத்திரத்தையும், ஜல்லிக்கட்டு வர்ணனையையும் முதலில் வைத்து, கதையை இரண்டு வரியில் முடிப்பேன். 1890களின் மதுரைப் பக்கத்துக் கிராம வாழ்க்கையைத் தேடி ஒருவர் வந்தால் அவருக்கு இந்த நாவல் அகப்பட வேண்டும். என் பழைய சுருக்கத்தில் ஜல்லிக்கட்டு என்ற சொல்லே கிடையாது. திரும்பவும் மாடு. என் ராசி அப்படி.

இதெல்லாம் எதற்கு, இயந்திரத்திடம் கொடுத்தால் ஆச்சே என்று ஆபீஸ் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, சோறு போடும் தொழிலே அதுதான். 1971ல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டத்தில் இப்போது பல நூல்களின் பக்கத்தில் இயந்திரச் சுருக்கம் இருக்கிறது. தானாக உருவாக்கப்பட்டது என்று அங்கேயே சொல்லியும் விடுகிறார்கள், அது நேர்மை. நானும் கமலாம்பாள் சரித்திரத்தைக் கொடுத்துப் பார்த்தேன். பிழையில்லாத அழகான தமிழில் வந்தது. லட்சுமியின் கல்யாண விவகாரத்தைத் தூக்கிக் கமலாம்பாள் தலையில் வைத்திருந்தது, முடிவில் "பெண்கல்வியின் அவசியத்தை வலியுறுத்தும் சீர்திருத்த நாவல்" என்று ஒரு தீர்ப்பு வேறு. அந்தக் காலத்துத் தமிழ் நாவல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஊகம் அது. படிக்கும்போது சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை. மாட்டு வாகடம் என்றால் நோயும் மருந்தும்தான் இருக்கும் என்று நான் செய்ததும் அதே ஊகம்தானே! அதைச் செய்ய இயந்திரத்துக்கு நாலு விநாடி ஆனது, எனக்கு நாற்பது நிமிஷம். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் நான் அதைவிட மேல் என்று சொல்லிக்கொள்ளலாம். திண்டுக்கல் டாக்டரின் கேள்விக்கு "இல்லை, படிக்கவில்லை" என்று பதில் எழுதினேன். கூடவே, 58ஆம் பக்கத்துக்கு மேல் இன்னும் என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் பதிலில் தெரிந்த விஷயம்: கடைசி ஆறு பக்கம் எந்தச் சந்தை எந்தக் கிழமை கூடும் என்ற பட்டியல். அதையும் நான் பார்த்திருக்கவில்லை.

23ஐயும் திரும்பப் படித்து எழுதுவதென்று இறங்கியிருக்கிறேன். ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது, 200 பக்கப் புத்தகம் என்றால் இரண்டு வாரம் ஓடிவிடும். படித்து முடிக்காதவற்றில் "முதல் 40 பக்கம் மட்டும் பார்த்து எழுதியது" என்று ஒரு வரி போடலாமா என்று நூலகத்தில் கேட்டேன். அது நூலகத்தின் மதிப்பைக் குறைக்கும் என்றார்கள். எனக்கு உடன்பாடில்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மாட்டு வாகடத்தின் புதுச் சுருக்கம் தயார். நோய்கள், மருந்துகள், சுழிகளின் பெயர் ஒவ்வொன்றாக, சந்தைக் கிழமைகள், கடைசியாக எந்தப் பக்கம் ஸ்கேனில் விடுபட்டிருக்கிறது என்பதுவரை உள்ளே வந்துவிட்டது. 171 சொல். 120க்குக் குறைத்துத் தரச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். "எளிய நடை" இந்த முறை இல்லை, அதனால் வெட்ட லேசாக ஒன்றும் கிடைக்கவில்லை. மருந்துப் பெயர்களில் கை வைக்கலாம் என்று பார்க்கிறேன், சுழிகளில் வைப்பதாக இல்லை.